முன் ஃபோர்க்கில் தடித்த ஆயில் ஊற்றினால் மூக்குக் குத்துவது நிற்குமா?

ஒரு வாசகர் கேட்டது:
பிரேக் பிடித்தால் என் பைக் முன்பக்கம் மூக்குக் குத்துகிறது. வலப்பக்க ஃபோர்க்கில் ஆயில் கசிவும் இருக்கிறது. சீலை மாற்றி, 10 டபிள்யூவுக்குப் பதிலாக 20 டபிள்யூ ஆயில் ஊற்றினால் இரண்டும் சரியாகிவிடும் என்பது என் கணக்கு. ஸ்பிரிங் மாற்று, வால்வு போடு என்பதெல்லாம் விற்பவர்கள் கிளப்பிவிடுவது. தப்பு என்றால் சொல்லுங்கள்.

ஜனவரி 9

சீல் விஷயம் சரி. 20 டபிள்யூ வேண்டாம்.

வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். ஃபோர்க் எவ்வளவு வேகமாக அமுங்குகிறது, எவ்வளவு வேகமாக எழுகிறது என்பதுதான் ஆயிலின் பொறுப்பு. பிரேக்கை விடாமல் பிடித்திருந்தால், எந்த ஆயில் ஊற்றியிருந்தாலும் முன்பக்கம் இறங்கி நிற்கும் இடம் ஒன்றுதான். தடித்த ஆயிலில் அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதத்தைத்தான் ‘டைட் ஆயிடுச்சு’ என்று நினைத்துக்கொள்கிறோம்.

இறங்கத் தாமதமானால் எழவும் தாமதமாகும். ஒரு பள்ளத்தில் அமுங்கிய ஃபோர்க் முழுதாக எழுவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். அதற்கடுத்தது இன்னும் கீழே இருக்கும்போதே வரும். கரடுமுரடான சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஃபோர்க் அடியிலேயே குந்தியிருக்கும். அப்புறம் ஒவ்வொரு அடியும் நேராக மணிக்கட்டுக்கு.

ஜனவரி 9, இரவு

எந்த வண்டி என்று நீங்கள் சொல்லவில்லை. இங்கே நான் எழுதுவது சாதாரண டேம்பர் ராடு ஃபோர்க்கை (உள்ளே துளை போட்ட ஒரு தண்டு வழியாக ஆயில் போகும் வகை) மனதில் வைத்து. கார்ட்ரிட்ஜ் வகை (அந்த வேலையை உள்ளே தனிக் குழாய் ஒன்று செய்யும்) என்றால் கழற்றும் வரிசை, காற்று வெளியேற்றுவது எல்லாமே வேறு. மேனுவலில் ஃபோர்க்கின் வெட்டுப்படம் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

ஜனவரி 10

‘ஸ்பிரிங்தான் காரணம் என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுவிடுவோம்.

ஓட்டுபவரோடு சேர்த்து மொத்தம் 250 கிலோ. எடை மையம் தரையிலிருந்து 0.6 மீட்டர் உயரம், சக்கர மையங்களுக்கு இடையே 1.4 மீட்டர். 0.5 ஜி (புவியீர்ப்பில் பாதி) அளவுக்கு பிரேக் பிடித்தால் 250 × 0.5 × 0.6 ÷ 1.4, அதாவது ஏறக்குறைய 54 கிலோ பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு மாறுகிறது. ஒரு ஸ்பிரிங் மி.மீ.க்கு 0.8 கிலோ என்றால் இரண்டும் சேர்ந்து 1.6 கிலோ. ஃபோர்க்கின் சாய்வையும் கழித்துப் பார்த்தால் இந்த எடை மாற்றம் மட்டுமே 30 மி.மீ. அமுக்கிவிடும். இந்தக் கணக்கில் ஆயில் எங்காவது வருகிறதா பாருங்கள்.

ஜனவரி 11

நேற்று எடை மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். இன்னொரு பாதி பாக்கி இருக்கிறது.

டெலஸ்கோப்பிக் ஃபோர்க் (ஒரு குழாய்க்குள் இன்னொன்று நுழைந்து அமுங்கும் வழக்கமான வகை) பின்னோக்கிச் சாய்ந்து நிற்கிறது. பிரேக் பிடிக்கும்போது சாலை டயரைப் பின்னால் தள்ளுகிறது. சாய்வு இருப்பதால் அந்தத் தள்ளலில் ஒரு பங்கு ஃபோர்க்கின் திசையிலேயே போய் அதை அமுக்கும். 25 டிகிரி சாய்வில், பிரேக் முழுதும் முன்சக்கரத்தில்தான் என்றால், இதுவும் நேற்றைய எடை மாற்றத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். மொத்தம் 60 மி.மீ.க்கு மேல் போய்விடும். அதாவது மூக்குக் குத்துவது இந்த வடிவமைப்போடு கூடப் பிறந்தது. குறைக்கலாம், ஒழிக்க முடியாது.

ஒழிக்கப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 1980களில் ஜப்பானிய கம்பெனிகள் ஆன்ட்டி டைவ் என்று ஒன்றைக் கொண்டுவந்தன. அதில் ஒரு வகை, பிரேக் அழுத்தத்தை வைத்தே ஃபோர்க்குக்குள் இருக்கும் ஆயில் வழியைச் சுருக்கியது. குத்துவது குறைந்தது. ஆனால் பிரேக் பிடித்தபடி மேடு பள்ளத்தில் ஏறினால் ஃபோர்க் விறைத்துக்கொண்டது. கொஞ்ச காலத்தில் ஆளையே காணோம். 1993இல் பிஎம்டபிள்யூ ஆர்1100ஆர்எஸ் வண்டியில் டெலிலீவர் வந்தது. அது வேறு வழி, பிரேக் விசையைத் தனி ஆர்ம் ஒன்று ஏற்றுக்கொள்ளும். டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கில் ஹைட்ராலிக் டேம்பிங் (ஆயிலால் ஆட்டத்தை அடக்குவது) சேர்த்து 1935இல் ஆர்12, ஆர்17 வண்டிகளில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அதே கம்பெனிதான் என்பது வேடிக்கை.

சரி, பேச்சு எங்கேயோ போகிறது.

ஜனவரி 12

எதையும் வாங்கும் முன் அளந்து பாருங்கள். ஒரு ஜிப் டையும் அளவு டேப்பும் போதும்.

முன்சக்கரம் தரையில் படாமல் தூக்கி, பளபளக்கும் ஃபோர்க் பைப்பில் டஸ்ட் சீலிலிருந்து (தூசி தடுக்கும் ரப்பர் வளையம்) கிளாம்ப் (பைப்பைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) வரை வெளியே தெரியும் நீளத்தை அளங்கள். பிறகு வண்டியை இறக்கி, வழக்கமாகப் போடும் ஹெல்மெட், ஜாக்கெட்டோடு ஏறி உட்காருங்கள். வண்டியை ஒருவர் பின்னாலிருந்து பிடிக்க, இன்னொருவர் அளக்கட்டும். முன்பக்கத்தை அமுக்கி மெதுவாக எழவிட்டு ஒரு அளவு, தூக்கி மெதுவாக இறங்கவிட்டு ஒரு அளவு, இரண்டுக்கும் சராசரி. உராய்வு இருப்பதால் இரண்டும் ஒன்றாக வராது. ரொம்பவே விலகி இருந்தால் புஷ் (பைப் வழுக்கி ஓடும் உள்வளையம்) தேய்ந்திருக்கும், அல்லது ஃபோர்க் எங்கோ கோணலாக இறுகியிருக்கும்.

முதல் நீளத்துக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். 120 மி.மீ. ஓட்டம் (ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்த தூரம்) உள்ள சாலை வண்டிக்கு 30 முதல் 40 மி.மீ. வரை இருக்கலாம், தோராயமாக மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு.

ஜிப் டை எதற்கு? பைப்பில் கட்டி டஸ்ட் சீலை ஒட்டி இறக்கிவிட்டு ஒரு ரவுண்டு போய் வாருங்கள். ஃபோர்க் அதிகபட்சம் எதுவரை அமுங்கியது என்று காட்டிவிடும்.

ஜனவரி 12, மதியம்

பிரீலோடைத் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் அளவு) திருகினால் ஸ்பிரிங் கடினமாகாது. வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். 0.8 கிலோ ஸ்பிரிங் எவ்வளவு திருகினாலும் 0.8தான்.

ஸ்பிரிங்கை வெட்டினால்? கடினமாகும், சுருள் குறையக் குறைய விறைப்பு ஏறும். ஆனால் வெட்டிய முனை தட்டையாக உட்காராது, பைப்பின் உள்சுவரை உராய்ந்துகொண்டே இருக்கும். எடைக்கேற்ற ஸ்பிரிங் கிடைக்கும்போது ரம்பம் எதற்கு?

ஜனவரி 15

வீட்டிலேயே கழற்றப் போகிறேன் என்கிறீர்கள். சந்தோஷம். இதைப் படித்துவிட்டுக் கை வையுங்கள்.

முன்பக்கம் முழுதாகக் கழலும் வேலை இது. சைடு ஸ்டாண்டை நம்பவே கூடாது. சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினுக்கு அடியில் ஜாக் கொடுத்து, பின்பக்கத்தைக் கீழே இழுத்துக் கட்டுங்கள். ஜாக் உட்காரும் இடம் சைலன்சர் பைப்போ ஆயில் ஃபில்டரோ ஆகக் கூடாது. ஏற்றிய பிறகு ஹேண்டிலைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதென்றால் போல்ட்டைத் தொடும் முன் விழட்டும்.

காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பகுதி) கழற்றினால் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் மேலே கட்டுங்கள். அது வெளியே இருக்கும்போது பிரேக் லீவரை யாரும் பிடிக்கக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் லீவருக்கும் கிரிப்புக்கும் நடுவே ஒரு மரத்துண்டைச் செருகிக் கட்டிவிடுங்கள். ஏபிஎஸ் சென்சார் வயர் எந்த வழியாகப் போகிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மேல் கிளாம்ப்புக்கு மேலே பைப் எத்தனை மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் இரண்டு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். திரும்பப் போடும்போது அந்த எண் இல்லாமல் திண்டாடுவீர்கள்.

ஜனவரி 16

மேல் மூடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஆட்கள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான்.

மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் காத்திருக்கிறது. 20 மி.மீ. பிரீலோடு, 0.8 கிலோ ஸ்பிரிங் என்றால் 16 கிலோ. அதுவும் ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும்போது. சக்கரம் தரையில் நிற்கும்போது திறந்தால் வண்டியின் எடையும் சேர்ந்து தள்ளும்.

ஃபோர்க் கிளாம்ப்பில் இருக்கும்போதே மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திவிட்டு மூடியைக் கால் சுற்று மட்டும் இளக்கிக்கொள்ளுங்கள். மேல் கிளாம்ப் இறுகியிருந்தால் மரையைச் சேர்த்துக் கவ்விக்கொண்டிருக்கும், ஸ்பேனர் வழுக்கி மூடியின் முனை மழுங்கும். ஃபோர்க்கை வெளியே எடுத்த பிறகு கண்ணாடி அணிந்து, முகத்தை விலக்கி, சாக்கெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கியபடி சுற்றுங்கள். கடைசி மரையில் கைக்குள் ஒரு சின்ன ‘டிக்’ தெரியும். அந்த இடத்தில் அமுக்கத்தை விடாதீர்கள். சுற்றுவதை நிறுத்திவிட்டு, கையை மெதுவாக உயர்த்தினால் மூடியும் கூடவே எழும்.

இதற்கு ஏர் கன் பயன்படுத்தினால் மூடி எங்கே போயிற்று என்று கூரையில் தேட வேண்டிவரும்.

ஜனவரி 16, இரவு

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. மூடியைத் திறக்கும் முன்பே அடியில் உள்ள ஆலன் போல்ட்டை இளக்கிவிடுங்கள். உள்ளே டேம்பர் ராடை ஸ்பிரிங் அமுக்கிப் பிடித்திருக்கும்வரைதான் அது லேசாக வரும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் போல்ட்டோடு ராடும் சேர்ந்து சுற்றும். அடியில் இருக்கும் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழையதைத் திரும்பப் போட்டால் சீல் புதிதாக இருந்தும் அடியிலிருந்து சொட்டும், நீங்கள் சீலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஜனவரி 19

போன வாரம் நண்பர் வாங்கிய பழைய வண்டி ஒன்றைத் திறந்தோம். இந்த இழைக்கு ஏற்ற நேரத்தில் வந்தது.

முதலில் மூக்கைத்தான் துளைத்தது. நாள்பட்ட ஃபோர்க் ஆயிலுக்கு அழுகிய மீன் நாற்றம் உண்டு, திறந்தவர்களுக்குத் தெரியும். ஊற்றியபோது முதலில் சாம்பல் நிறத்தில் மெல்லிசாக வந்தது. பிறகு கருஞ்சாம்பலாக, கடைசியில் அடியில் படிந்திருந்த சேறு குழம்பாக இறங்கியது. விரலில் தேய்த்தால் வெயிலில் மினுமினுத்தது. அலுமினியமும் புஷ் பூச்சும் உதிர்ந்து கலந்த தூள் அது. ஃபோர்க்கின் இரண்டு கால்களிலிருந்தும் வந்ததைத் தனித்தனிப் பாத்திரத்தில் பிடித்தோம். ஒன்றில் மற்றதைவிட வெகுவாகக் குறைவு, சீல் கசிந்த பக்கம்தான்.

நண்பர் அதுவரை ‘ஸ்பிரிங் செத்துப்போச்சு’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே கழுவி, சீலும் புஷ்ஷும் புதிதாகப் போட்டு, மேனுவலில் சொன்ன அதே ஆயிலை இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிரப்பினோம். சேக் 36 மி.மீ. வந்தது. ஸ்பிரிங்குக்கு ஒரு கேடும் இல்லை. அப்கிரேட் பற்றி யோசிக்கும் பலருக்கு முதலில் தேவைப்படுவது ஒழுங்கான சர்வீஸ் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

ஜனவரி 20

‘ஒரே மட்டம்’ என்றால் என்ன என்று கேட்டவருக்கு: மி.லி. கணக்கை மட்டும் நம்பாதீர்கள். கழற்றிய ஃபோர்க்கில் பழைய ஆயில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஸ்பிரிங் இல்லாமல், பைப்பை முழுதாக உள்ளே தள்ளி, நேராக நிறுத்தி, பைப்பின் மேல் விளிம்பிலிருந்து ஆயில் எத்தனை மி.மீ. கீழே இருக்கிறது என்று அளப்பதுதான் பெரும்பாலான மேனுவல்களில் உள்ள முறை. அதற்கு முன் பைப்பைப் பலமுறை மெதுவாக ஏற்றி இறக்கி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டு, சிரிஞ்சில் பொருத்திய குழாயைக் குறித்த ஆழத்துக்கு இறக்கி மிச்சத்தை உறிஞ்சுவது சுலபம்.

இந்த மட்டம் ஏன் அவ்வளவு முக்கியம்? ஆயிலுக்கு மேலே உள்ள காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். ஃபோர்க் அமுங்கி அந்தக் காற்று பாதி இடத்துக்கு ஒடுங்கினால் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகும். மட்டத்தை 10 மி.மீ. ஏற்றினால் ஆரம்ப ஓட்டத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது, கடைசிப் பகுதியில் நன்றாகத் தெரியும். அடியில் போய் இடிக்கிறது என்பது மட்டும்தான் குறை என்றால் 5 மி.மீ. ஏற்றிப் பார்க்கலாம். அளவுக்கு மீறினால் அழுத்தம் சீலைத்தான் பிதுக்கும்.

ஜனவரி 21

இன்னொன்று. ‘10 டபிள்யூ’ என்று டப்பாவில் எழுதியிருப்பதை வைத்து இரண்டு கம்பெனி ஆயிலை ஒன்றாக நினைக்காதீர்கள். ஒருவரின் 10 இன்னொருவரின் 7.5 அளவுக்கு மெல்லிசாக இருக்கும். 40 டிகிரி வெப்பத்தில் எத்தனை சென்டிஸ்டோக் (ஆயிலின் தடிமனை அளக்கும் அலகு) என்ற எண்ணைத் தொழில்நுட்பத் தாளில் தேடி ஒப்பிடுங்கள். ரீபவுண்ட் (அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழுவது) கொஞ்சம் துள்ளுகிறது என்றால் ஒரு படி தடித்ததற்குப் போகலாம். முதல் நாள் ‘வேண்டாம்’ என்றது 10இலிருந்து 20க்குத் தாவுவதை. ஆயிலைத் தொடவே கூடாது என்று நான் சொன்னதாக ஒருவர் எழுதியிருக்கிறார், அப்படிச் சொல்லவில்லை.

ஜனவரி 23

சீல் இறக்கும்போது: பைப்பின் விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஆயில் தடவி, அதன்மேல் வழுக்கி இறக்குங்கள். இல்லாவிட்டால் விளிம்பின் கூர்மை சீல் உதட்டைக் கீறிவிடும். எழுத்துள்ள முகம் பொதுவாக மேலே. ஸ்குரூடிரைவரால் ஒரு பக்கமாகத் தட்டாமல், பொருத்தமான டிரைவரால் சுற்றிலும் ஒரே சீராக இறக்குங்கள். முழுதாக உட்கார்ந்ததும் சத்தம் மாறும், சர்க்லிப் (சீலைப் பிடித்துவைக்கும் வளையம்) போடும் பள்ளமும் முழு வட்டமாகத் தெரியும்.

பைப்பில் துருப்பொட்டு இருந்தால் எந்தச் சீலும் நிலைக்காது. நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டாத அளவு என்றால் 2000 நம்பர் உப்புத்தாளை ஆயிலில் நனைத்து லேசாகத் தேய்க்கலாம். நகம் சிக்கினால் பைப்பை மாற்றுவது, அல்லது மறுபடி குரோம் போடுவது. வளைந்த பைப் என்றால் அதைச் சுடவைத்து நிமிர்த்தும் வித்தையெல்லாம் வேண்டாம். பல மேனுவல்களில் வளைவுக்கு அனுமதி 0.2 மி.மீ. மட்டுமே.

ஜனவரி 26

எமுலேட்டர் பற்றிக் கேட்டவர்களுக்கு. இது விற்பவர்கள் கிளப்பிவிட்டது இல்லை, உண்மையிலேயே வேலை செய்கிற பொருள். ஆனால் கடைசியில் வர வேண்டியது.

டேம்பர் ராடில் ஆயில் போவது வெறும் துளைகள் வழியாக. வாளித் தண்ணீரில் உள்ளங்கையை மெதுவாக அமுக்கினால் இறங்கிவிடும், ஓங்கி அடித்தால் கைதான் வலிக்கும். துளையிலும் அதே கதை: வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதனால் பிரேக்கில் மெதுவாக இறங்கும்போது தளதளவென்றும், கூர்மையான மேட்டில் கல்லாகவும் இருக்கும். எமுலேட்டர் ராடின் மேல் உட்காரும் ஒரு வால்வு. அழுத்தம் ஒரு அளவைத் தாண்டினால் ஸ்பிரிங்கைத் தள்ளித் திறந்துகொள்ளும்.

அது வேலை செய்ய ராடில் உள்ள கம்ப்ரஷன் துளைகளை (ஃபோர்க் அமுங்கும்போது ஆயில் போகும் துளைகள்) டிரில் போட்டுப் பெரிதாக்க வேண்டும். அப்போதுதான் கட்டுப்பாடு வால்வின் கைக்கு வரும். துளைத்தால் துளைத்ததுதான், பழைய ராடு திரும்பக் கிடைக்காது. வால்வின் உயரத்துக்கு ஏற்ப மேலே உள்ள ஸ்பேசரையும் (ஸ்பிரிங்குக்கு மேல் உட்காரும் குழாய்த்துண்டு) வெட்ட வேண்டும், விட்டுவிட்டால் பிரீலோடு எகிறிவிடும். ரீபவுண்ட் முன்போலவே ராடின் துளையும் ஆயிலின் தடிமனும் பார்த்துக்கொள்ளும்.

ஜனவரி 27

‘வேறு வண்டியின் யுஎஸ்டி (தலைகீழாக அமைந்த) ஃபோர்க்கை மாட்டினால் என்ன?’

பார்க்க அழகாக இருக்கும். ஸ்டெம் நீளம், கோன் செட் (ஹேண்டில் தண்டு சுழலும் பேரிங்) அளவு, ஆக்ஸில், டிஸ்க் எல்லாம் பொருந்தினாலும் கிளாம்ப்பின் ஆஃப்செட் (ஹேண்டில் தண்டிலிருந்து ஃபோர்க் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பது) பொருந்தாமல் போகலாம். சக்கர ஆரம் 300 மி.மீ., சாய்வு 25 டிகிரி, ஆஃப்செட் 30 மி.மீ. என்றால் டிரெயில் (ஹேண்டில் தண்டின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) சுமார் 107 மி.மீ. ஆஃப்செட் 40 ஆனால் டிரெயில் 96. அந்த 11 மி.மீ. வேகத்தில் ஹேண்டிலின் நிதானத்தில் தெரியும். கணக்குப் போடாமல் மாட்டாதீர்கள். பல நாடுகளில் இதற்கு முன் அனுமதி வேண்டும், இன்சூரன்ஸும் சிக்கலாகும்.

பைப்பைக் கிளாம்ப்பில் 10 மி.மீ. மேலே ஏற்றினால் சாய்வு சுமார் 0.4 டிகிரி குறையும். ஐந்து ஐந்தாக ஏற்றிப் பாருங்கள். ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது மட்கார்டு ரேடியேட்டரிலோ கிளாம்ப்பிலோ இடிக்கிறதா என்பதை ஸ்பிரிங் இல்லாத நிலையில் நிறுத்தியே சோதித்துவிடலாம்.

பிப்ரவரி 2

கேள்வி கேட்டவர் அளந்துவிட்டார்: சேக் 52 மி.மீ., பிரீலோடு முழுதும் திருகியும் 46. அவர் எடைக்கு அந்த ஸ்பிரிங் போதாது. 0.8க்குப் பதில் 0.9 போடுகிறார், மேனுவல் சொன்ன ஆயிலே. விறைப்பு எட்டில் ஒரு பங்கு கூடும். நல்ல தொடக்கம்.

திரும்பப் பூட்டும்போது: ஆக்ஸிலை இறுக்குங்கள், ஒரு பக்கப் பிஞ்ச் போல்ட்டை (ஆக்ஸிலைக் கவ்வி இறுக்கும் போல்ட்) மட்டும் தளர்வாக விட்டு, வண்டியை இறக்கி முன்பக்கத்தை நன்றாக அமுக்கி எழவிடுங்கள். ஃபோர்க்கின் கால் தன் இடத்தில் போய் உட்காரும். அப்புறம் அந்தப் போல்ட். கிளாம்ப் போல்ட்டுகளை டார்க் ரென்ச்சில் மேனுவல் அளவுக்கு மாற்றி மாற்றி இறுக்குங்கள், ஒன்றை இறுக்கினால் பக்கத்தில் இருப்பது இளகும். டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடையுங்கள். ஆயில் ஊறிய பேடைத் துடைத்து மீட்க நினைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

வண்டியை நகர்த்தும் முன் லீவரைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு, கெட்டியாகும் வரை அடியுங்கள். காலிப்பரின் பிஸ்டன் பின்னால் போயிருக்கும், முதல் பிடியில் பிரேக் இருக்காது.

பிப்ரவரி 6

‘ஓட்டினேன், குத்துவது குறைந்திருக்கிறது, ஆனால் பிரேக் பிடித்தால் ஒரு டொக் சத்தம் கேட்கிறது.’

வண்டியை நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொருவர் ஹேண்டில் தண்டின் கிளாம்ப் மூட்டில் விரலை வைக்கட்டும். அங்கே அசைவு தெரிந்தால் கோன் செட் தளர்வு. டஸ்ட் சீல் பக்கம் தெரிந்தால் புஷ். காலிப்பரில் என்றால் பேட் அசைவது, பெரும்பாலும் கவலை இல்லை. புதுப் புஷ் போட்டிருக்கிறீர்கள், எனவே என் சந்தேகம் கோன் செட்மேல்தான். இதைப் பார்த்துச் சரிசெய்யும் வரை வேகமாகப் போகாதீர்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் டப்பாவில் அடைத்து, எஞ்சின் ஆயிலைச் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். மூடியை நன்றாக இறுக்குங்கள், அந்த நாற்றம் காருக்குள் பரவினால் வாரக்கணக்கில் போகாது.

பிப்ரவரி 7

கோன் செட்தானாம். கால் சுற்று இறுக்கினாராம், சத்தம் போய்விட்டது. இறுக்கிய பிறகு சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இரண்டு பக்கமும் விட்டுப் பாருங்கள். தானாக விழ வேண்டும், நடுவில் எங்கும் சிக்கக் கூடாது. சிக்கினால் பேரிங்கில் குழி விழுந்திருக்கிறது, அதற்கு இறுக்குவது மருந்தில்லை, மாற்றத்தான் வேண்டும்.